காற்று இறங்கும் சத்தம்

மழை விட்டதும் கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்தவள், பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளி குறைந்திருப்பதைப் பார்த்தாள். காலையில் ஒரு சாண் இருந்தது. இப்போது உள்ளங்கை அகலம்தான். வண்டி காலி. பின்னால் ஒரு கயிறுகூடக் கிடையாது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் மோட்டார் உறுமியது. பின்பக்கம் மெல்ல எழுந்தது. பழைய உயரம் வந்ததும் நின்றது.

மெக்கானிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். கிழிந்த காற்றுப்பையை மாற்ற வந்தவன்.

"யாருமே ஏறலையே தம்பி. அது ஏன் ஓடுது?"

"இந்த வண்டிக்குப் பின்னால ஸ்பிரிங் பட்டை கிடையாதுக்கா. ரெண்டு ரப்பர் பை, உள்ள காத்து, அவ்வளவுதான். பாரம் ஏறினா வண்டி தாழும். அச்சுல ஒரு சின்னக் கை இருக்கு. அது சாஞ்சதும் மோட்டார் காத்தடிச்சுத் தூக்கிடும். பாரம் இறங்கினா வண்டி எழும்பும். மிச்சக் காத்தை வால்வு சீறி வெளியே தள்ளிடும்."

"பாரம்தான் இல்லையே."

"எங்கேயோ கசியுது. கசிஞ்சாலும் வண்டி தாழும், மோட்டார் ஓடும். பாரமா கசிவான்னு பார்க்க அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

"கசிவுன்னா சீறாதா?"

"சீறாது. ஆள் இறங்கினாத்தான் சீறும்." சிரித்தான். "பேட்டரியைக் கழட்டி உள்ள வெச்சுட்டுப் போறேன். அப்புறம் அது ஓடினா நான் தொழிலையே விட்டுடறேன். வண்டியை வாங்குறவர் காலையில வர்றதுக்குள்ள கசிவை அடைச்சுடலாம்."

பேட்டரியைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் அவளுக்குப் புதிதாக எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் படித்த பாடம் அது. புருஷன் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் வரமாட்டான். வண்டியின் பின்பலகையைத் திறந்துபோட்டு, அதில் உட்கார்ந்து குடிப்பான். உறுமல் கேட்டால் உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். பாத்திரம் பாத்திரத்தில் படாமல், குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழும் ஓசைகூட வராமல் விரலை வைத்து வழியவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு அவள் சமைப்பாள். சீறல் கேட்டால் இறங்கிவிட்டான். வருகிறான். சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கதவுக்கு அடியில் அவன் செருப்பின் நிழல் விழுகிறதா என்று பார்ப்பாள். விரல்கூட நுழையாத இடுக்கு அது. நிழலுக்குப் போதும்.

அவனுடைய கடைசி நாளிலும் சீறியது. தாழிட்டாள். நிழல் வரவில்லை. இன்றைக்குத் தப்பித்தோம் என்று நின்றாள். அடுப்பில் இருந்தது கரிந்து புகைந்த பிறகுதான் கதவைத் திறந்தாள்.

வண்டியைக் காற்றிலேயே முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டு, முட்டுக்கொடுக்காமல் அடியில் படுத்துக் காற்றுக் குழாயைக் கழற்றியிருந்தான். "என் வண்டி என்னைத் தாங்காதா?" என்று கேட்கிறவன். தாங்கவில்லை. சீறி வெளியேறிய காற்றோடு வண்டி அவன்மேல் இறங்கிவிட்டது.

மாமியார் அன்றிலிருந்து கூடத்துக் கட்டிலை விட்டு எழவில்லை. "காது கேட்குதில்ல உனக்கு? ஓடி வந்தியா?" இதையே தினமும் கேட்டாள். அந்தச் சத்தங்கள் மாமியாருக்கும் பாடம்தான். அத்தனை வருஷமும் சீறல் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவள்.

இருட்டியது. விளக்கைப் போட்டாள். வண்டி நாளைக்குப் போய்விடும். நாளைக்குக் கதவைத் திறந்துபோட்டுச் சமைக்கலாம். அதை நினைத்தபோது கை கொஞ்சம் தளர்ந்தது. கரண்டியை வேண்டுமென்றே சட்டியில் தட்டிப் பார்த்தாள். நல்ல சத்தம்.

வெளியே உறுமியது.

பேட்டரியைப் பார்த்தாள். மூலையில்தான் இருந்தது. குனிந்து தொட்டாள். சில்லென்று இருந்தது.

உறுமல் நிற்கவில்லை. மாலையில் கேட்டதைவிட நீளம். ஓர் ஆள் உட்காரும் நீளம். பிறகு நின்றது.

"ஏண்டி," கூடத்திலிருந்து மாமியார். "தட்டு வை."

"யாரும் வரலை அத்தை. கசிவு."

"யார் சொன்னா?"

"மெக்கானிக்."

"அவன் கண்டானா என் பிள்ளையை? நீ கேட்டுக்கிட்டே நில்லு. அதுதானே உனக்குப் பழக்கம்."

அவள் அடுப்பை அணைத்தாள். ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. வண்டிப் பக்கம் பலகை ஒரு தடவை முனகியது. புட்டி தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டதா, கேட்டதாகத் தோன்றியதா, தெரியவில்லை.

கசிவு. கசிவுதான். சீறவில்லையே.

பேட்டரி இல்லாமல் ஓடியதை நினைக்கக் கூடாது. சீறவில்லை. அது போதும். விடியும்வரை சீறாமல் இருந்தால் போதும்.

"இன்னும் இறங்கலை," என்றாள் மாமியார். குரலில் இப்போது பழிப்பு இல்லை. "இறங்குவான்."

கட்டில் கிறீச்சிட்டது. சுவர்ப்பக்கம் திரும்புகிறாள்.

சீறியது.

நீளமாக. கடைசிக் காற்றுவரை.

தாழ்ப்பாளைப் போட்டாள். கை தானாகப் போட்டது. இடுக்கைப் பார்த்தாள். கூடத்து வெளிச்சம் மட்டும். செருப்பு நிழல் இல்லை.

காலடிச் சத்தமும் இல்லை.

வாசற்படியில் ஏதோ உரசியது. ஈரத் துணியை இழுப்பது போல. நின்றது. மறுபடி இழுபட்டது.

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. மாமியார் இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஏண்டா," என்றாள். "ஏண்டா இப்படித் தரையோட வர்றே?"

அதற்குப் பிறகு கூடத்தில் சத்தமே இல்லை.

கதவுக்கு அடியில் கிரீஸ் வாடை. வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து அணைந்துகொண்டே வந்தது.

விரல்கூட நுழையாத இடுக்கில் நகங்கள் வந்தன. பிறகு விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு. பொத்தான் போட்ட சட்டைக் கை. எல்லாம் தட்டையாக, அவசரமில்லாமல் உள்ளே வந்து, தரையில் விரிந்து, கதவோடு ஒட்டியபடி தாழ்ப்பாளை நோக்கி மேலே ஏறியது.