உருட்டி எடுத்த ரேகைகள்

நீரஜா விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு, மண்ணெண்ணெய், மறுபடி சோப்பு. மை போகவில்லை.

இன்று அவள் மையைத் தொடவே இல்லை.

அடையாறில் அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாவது மாடி. ஞாயிறு பிற்பகல், ஜன்னல் முழுக்க மழை. விரல்களில் சக்கர ரேகை அதிகமிருந்தால் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் அதிகமா என்று இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இன்னும் நிரூபணமாகவில்லை என்பார் அதை நடத்தும் டாக்டர் விஜயராகவன். நோயாளிகளின் ரேகை அட்டைகள் சிவப்புப் பெட்டியில், நோயில்லாதவர்களுடையவை பச்சைப் பெட்டியில். ரேகை எடுப்பவள் நீரஜா. பச்சைப் பெட்டிக்கு ஊழியர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். அவள் மட்டும், "அப்புறம் சார்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

நாளை அறிக்கை போக வேண்டும். அட்டைகளைச் சரிபார்க்கத் தனியாக வந்திருந்தாள். வீட்டில் இருந்தாலும் தனிதான்.

பத்து நிமிடம் முன்பு, சிவப்புப் பெட்டியில் ஓர் அட்டை அதிகமாக இருப்பதைக் கண்டாள். பெயர் இல்லை. பத்து விரலிலும் சக்கரம். வலது மோதிர விரலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கிய தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதே பிறை. பத்து விரல் நுனியிலும் மை.

குழாயை மூடிவிட்டு இண்டர்காமை எடுத்தாள். "பாய், மாடிக்கு யாராவது வந்தாங்களா?"

"ஞாயித்துக்கெழம யாரும்மா வருவாங்க? பேய்க்கே இன்னைக்கு லீவு." காவலாளி பீர் முஹம்மது சிரித்தார். "நீங்க ஒருத்தர்தான் கீறீங்க. சீக்கிரம் கெளம்புங்க, ரோட்ல தண்ணி ஏறிக்கினு கீது."

தன் ரேகையைத் தானே இத்தனை சுத்தமாக எடுக்க முடியாது. விரலை இன்னொருவர் பிடித்து, ஒரு நகவோரத்திலிருந்து மறு நகவோரம் வரை உருட்ட வேண்டும். "கையைத் தளர்த்தி விடுங்கம்மா" என்று தினமும் அவள் சொல்வது அதற்காகத்தான். அட்டையில் பத்தும் பிசிறில்லாமல் விழுந்திருந்தன.

யாரோ அவள் கையைப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கையை யாரும் பிடித்து ஒன்பது வருடமாயிற்று.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். கண்ணாடித் தட்டில் மை உருளை பிசுபிசுத்து உருளும் சத்தம். மை வாசனைக்கு அடியில் மீன் வாசனை.

தேவானை.

பட்டினப்பாக்கத்து மீன்காரி, இங்கே நோயாளி. கட்டைவிரலின் குறுக்கே அரிவாள்மணை வெட்டு. போன மாதம் நீரஜா ரேகை எடுத்தபோது கேட்டாள்: "என் கைய நீ புட்ச்சிக்கினு கீற. உன் கைய யாரு கண்ணு புடிப்பா?"

நீரஜா அடுத்த விரலை உருட்டினாள்.

"சரி வுடு, நான் வர்றேன்."

செவ்வாய்க்கிழமை தேவானை இறந்துபோனாள்.

உருளை நின்றது. மீன் வாசனை நெருங்கியது. பிடரி வரை.

நீரஜா திரும்பவில்லை. எதிரே வாஷ்பேசின் கண்ணாடி. அதில் அவள் மட்டும். ரவிக்கையின் இடப்பக்கம் ஒரு கறை. கறுப்பு. சின்னது.

கொக்கிகளை அவிழ்த்தாள். ஒன்று. இரண்டு.

தோலில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டு. ஈரம் காயவில்லை.

நாலு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத, புளியங்கொட்டை அளவுக் கட்டியின் மேல், மிகச் சரியாக.