மாவுக்கடை வாசலில் முளைத்த சாமி

"சாமி மேல கேஸ் போட முடியுமா?"

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே பூமாலை ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினெட்டு வருஷமாகிறது. புருஷன் மேல், மாமியார் மேல், பக்கத்து வீட்டு முருங்கை மரத்தின் மேலெல்லாம் கேஸ் போட வந்தவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள். சாமி மேல் போட வந்தவர் காசிநாதன்தான் முதல் ஆள். பூமாலை டைப் அடிப்பதை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

காசிநாதனின் நெற்றியில் விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், முகத்தில் பயம். மூன்றும் தாராளமாக இருந்தன. அவர் பேசியது பூமாலையிடம் அல்ல. கடையின் மூலையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸிடம்.

ஆரோக்கியதாஸ் ஓய்வுபெற்ற கோர்ட்டு அமீனா. முப்பத்தொரு வருஷம் சம்மன் கொடுத்து, ஜப்தி செய்து, கோர்ட்டு உத்தரவோடு போய் வீடுகளைக் காலி செய்ய வைத்தவர். அமீனா வருகிறார் என்றதும் ஜனங்கள் பொருளையெல்லாம் புழக்கடையில் ஒளித்துவைப்பார்கள் என்பதால், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்ப்பார். இருக்கும் சாமானை எண்ணுவார். வேலையை விட்டபின்னும் இந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அண்டாவை எண்ணிவிட்டுத்தான் இலையில் உட்காருவார். ஊரில் ஒன்று காணாமல் போனாலும், ஒன்று கூடுதலாக வந்தாலும் அவரைத் தேடி வந்துவிடுவார்கள்.

"உக்காருங்க. சாமி இன்னா பண்ணாரு?" என்றார் அவர்.

"முளைச்சிட்டாரு அமீனா! தியாகதுருகம் ரோட்டுல நம்ம பழைய கட்டடம் இருக்குல்ல, ஜெயசுதா மாவுக்கடை வெச்சிக்கினு இருக்குதே, அத இடிச்சிட்டு காம்ப்ளக்ஸ் கட்டலாம்னு புதன்கிழமை ஜேசிபி வரச்சொன்னேன். காலைல போய்ப் பாத்தா வாசல்லயே ஒரு சாமி! மஞ்சத் துணி, சந்தனம், பூ எல்லாத்தோடயும்!"

"ஜெயசுதாவுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"வாயால சொன்னேனே. பத்து நாள் டைம் குடுத்தேன்."

"வாயால சொன்னா அது பேச்சு. ஒருத்தர காலி பண்ண வைக்கணும்னா வாடகைக் கோர்ட்டு உத்தரவு வேணும். இடிச்சிக் கட்டணும்னாலும் அங்கதான் மனுப் போடணும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்று காசிநாதன் சட்டத்தை ஈ ஓட்டுவதுபோல் ஓட்டினார். "கல்லு தானா முளைச்சதா, எவனாச்சும் நட்டானா? அத மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லு. மனுஷன் நட்டதுன்னா திங்கக்கிழமை புடுங்கிப் போட்டுட்டு வேலைய ஆரம்பிச்சிருவேன். நெஜமாவே சாமின்னா..." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது வந்ததுலேர்ந்து எதுவும் சரியில்ல அமீனா. வியாழக்கிழமைலேர்ந்து எங்க வூட்டு இட்லி ருசிகூட மாறிப்போச்சு! இது தெய்வ குத்தந்தான?"

"கண்டுபுடிக்கிறேன். ஆனா உங்க காதுல மட்டும் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவங்க எல்லாரையும் வெச்சிக்கினுதான் சொல்வேன். சம்மதமா?"

காசிநாதன் தலையாட்டிவிட்டுப் போனார். பூமாலைக்கு ஒரு பக்கம் துப்பறியும் குஷி, இன்னொரு பக்கம் மாவுக்கடையை நினைத்துக் கவலை. ஜெயசுதா புருஷனை இழந்தவள். அந்தக் கடையில் மாவு விற்றுத்தான் மகள் இலக்கியாவை உளுந்தூர்பேட்டையில் நர்சிங் படிக்கவைக்கிறாள். கடை அந்தத் தெருவை விட்டுப் போனால் வாடிக்கையும் போய்விடும். மாவு வாங்க யாரும் பஸ் ஏறிப் போக மாட்டார்கள்.

"சார், நாம துப்பு கண்டுபுடிச்சா ஜெயசுதா கடை போயிடுமே!"

"கண்டுபுடிக்காட்டி?"

"சாமி இருக்கிற வரைக்கும் கடை இருக்கும்."

"அப்போ சட்டத்தவிட கல்லுக்கு பலம் ஜாஸ்தின்றீங்க. வாங்க, அதையும் பாத்துரலாம்," என்று குடையை எடுத்துக்கொண்டார் ஆரோக்கியதாஸ்.

மாவுக்கடை வாசலில் திருவிழாக் கூட்டம். மூன்று நாளைக்குள் உண்டியல் வந்துவிட்டது, ஒலிபெருக்கி வந்துவிட்டது, சுண்டல் விற்கிறவரும் வந்துவிட்டார். நடுவே ஒரு சாண் உயரத்துக்கு வழுவழுவென்ற கறுப்புக் கல். மேல்பக்கம் குவிந்து, உச்சியில் அடைபோலத் தடிமனாகச் சந்தனம். கல் படிக்கு இடதுபுறமாக, ஜேசிபி உள்ளே நுழைய வேண்டிய வழியில் சரியாக நின்றது. கடையின் ஷட்டரும் படியும் மட்டும் தடையில்லாமல் இருந்தன.

"சாமி பால் குடிக்குது!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

பூமாலை விடுவாளா? எதிர் டீக்கடையில் பாலும் ஸ்பூனும் வாங்கிவந்து, பக்தியோடு உச்சிச் சந்தனத்தின் நடுவில் விட்டாள். முதல் ஸ்பூன் உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வழிந்து ஓடியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள், அப்போதும் வழிந்தது.

"ரெண்டு ஸ்பூன்தான் சார் குடிக்குது. சின்ன வயிறு போல," என்று வந்து காதில் சொன்னாள்.

"நல்ல வேலை பண்ணீங்க," என்றார் ஆரோக்கியதாஸ். அவர் கல்லைத் தொடவில்லை. அடுத்தவர் கும்பிடும் இடத்தில் கை வைப்பது மரியாதையில்லை என்று தள்ளியே நின்றார்.

ஜேசிபி இன்னும் சாலையோரத்தில்தான் நின்றது. டிரைவர் வேடியப்பன் அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஆள்.

"எங்க மலையில மஞ்ச பூசிட்டா அது கல்லு இல்லீங்க," என்றான். "நான் சாவியப் போடல. கட்டட ஓனர் வண்டி வாடகை ஏறுதுன்னு கத்திக்கினு இருக்காரு. கத்தட்டும்."

"இவன்தான் சார்!" என்று பூமாலை இரண்டடி தள்ளிப் போனதும் கிசுகிசுத்தாள். "மலைக்காரன். ஓடைக்கல்லுதான் இப்படி வழுவழுன்னு இருக்கும். வண்டியிலேயே வெச்சிக் கொண்டாந்து நட்டுட்டான்."

"எதுக்கு? சுண்டலுக்கா?"

பூமாலை யோசித்தாள். "அப்போ ஜெயசுதாதான். கல்லு இல்லாம மாவு ஏது?"

கடைக்குள் ஜெயசுதா மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் தூக்கமே இல்லை.

"நான் வெக்கல சார். எங்கொழந்த மேல சத்தியம். எனக்கு அவ்ளோ தைரியம் இருந்தா அவரு மூஞ்சிக்கு நேராவே மாட்டேன்னு சொல்லியிருப்பேனே."

ஆரோக்கியதாஸ் நேராகக் கடையின் பின்பக்கம் போனார். "கிரைண்டர் ரெண்டு. கல்லு ரெண்டு. அண்டா நாலு," என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்தார். "வாடகை ஒப்பந்தம் இருக்காம்மா?"

பதினாலு வருஷத்துக்கு முன்பு எழுதியது, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. அவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். உரிமையாளர் கையெழுத்துப் போட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பூமாலை எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துக் கொடுத்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கச்சிராயபாளையம் ரோட்டில் காசிநாதன் வீடு. அவர் மனைவி கண்ணகி இருவருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதிகம் பேசாத பெண்மணி. அல்லது காசிநாதன் இருக்கும் இடத்தில் பேச இடம் கிடைக்காத பெண்மணி. அவள் "சர்க்கரை..." என்று தொடங்கியதும் காசிநாதன், "போதும் போதும், அமீனாவுக்குத் தெரியாதா?" என்றார். அவள் "மழை..." என்றதும், "மழையெல்லாம் வராது, நீ உள்ள போ" என்றார்.

ஆரோக்கியதாஸ் கை கழுவ வேண்டும் என்று புழக்கடைக்குப் போனார். பூமாலையும் பின்னாலேயே போனாள்.

"கொடி ஒண்ணு. டிவிஎஸ் எக்ஸெல் ஒண்ணு. துவைக்கிற கல்லு ஒண்ணு. ஆட்டுக்கல்லு ஒண்ணு," என்று எண்ணினார் அவர். ஆட்டுக்கல்லின் குழி நிறைய ஈர மண். அதில் ஒரு கற்பூரவல்லிக் கிளை இன்னும் வேர் பிடிக்காமல் தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

"பாவம், தண்ணி ஊத்தல போல," என்றாள் பூமாலை.

"ஊத்தியிருக்காங்க. நட்டு நாளாகல," என்றார் அவர். பிறகு பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து மெதுவாகக் கையைத் துடைத்தார். "பூமாலை, கேஸ் முடிஞ்சிபோச்சி. திங்கக்கிழமை காலைல எல்லாரையும் இங்கயே வரச்சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. மாதா கோவில் பூசைக்குப் போனார், கறிக்குழம்பு சாப்பிட்டார், தூங்கினார். பூமாலைக்கோ சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காசிநாதன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நாற்காலியில் காசிநாதன், சுவரோரமாக ஜெயசுதா, வாசல்படியில் வேடியப்பன், சமையலறை நிலைப்படியில் கண்ணகி. பூமாலை எல்லோருடைய முகத்தையும் பார்க்க வசதியான இடமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கல்லு தானா முளைக்கல," என்று தொடங்கினார் ஆரோக்கியதாஸ்.

காசிநாதன் துள்ளி எழுந்தார். "வேடியப்பா, வண்டிய எடு!"

ஜெயசுதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூமாலைக்கு அமீனா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த மனிதருக்குப் போய்ப் பதினெட்டு வருஷமாக டீ வாங்கிக் கொடுத்தோமே!

"உக்காருங்க, இன்னும் முடிக்கல. அந்த சாமி ரெண்டு ஸ்பூன் பால் குடிக்குது, மூணாவது வழியுது. ஏன்னா உச்சியில ஒரு குழி இருக்குது. அத மறைக்கத்தான் அவ்ளோ சந்தனம். வழுவழுப்பான கறுப்புக் கல்லு, மேல கூம்பு, உச்சியில மரப்புடி சொருகுற குழி. அது இன்னா கல்லு பூமாலை?"

பூமாலையின் வாய் பிளந்தது. "குழவி! ஆட்டுக்கல்லுக் குழவி!"

"ஜெயசுதா கடையில கிரைண்டர் ரெண்டு, கல்லும் ரெண்டு. ஒண்ணும் குறையல. ஜெயசுதாவ விரட்ட நெனச்சவங்க நட்டிருந்தா ஷட்டர மறைச்சி நட்டிருப்பாங்க. இது கடைக்கு வழி விட்டுட்டு ஜேசிபிக்கு மட்டும் வழிய அடைச்சிருக்கு. ஆக, கடை இருக்கணும்னு நெனச்சவங்க வேலை. சரி, குழவி எந்த வூட்டுலேர்ந்து வந்துச்சி? காசிநாதன், வியாழக்கிழமைலேர்ந்து உங்க இட்லி ருசி மாறிப்போச்சின்னீங்களே, ஏன்?"

"தெய்வ குத்தம்..."

"கடை மாவு. உங்க வூட்டுப் பின்னால ஆட்டுக்கல்லு இருக்குது, குழவி இல்ல. குழி சும்மா இருந்தா கண்ணுல படும்னு மண்ண போட்டு கற்பூரவல்லி நட்டிருக்காங்க."

"எங்கிட்டதான் வாங்கினாங்க," என்று ஜெயசுதா தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "என் மாவு இட்லியா ஐயா தெய்வ குத்தம்?"

எல்லோரும் நிலைப்படியைப் பார்த்தார்கள். கண்ணகி கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தான். மழை பேஞ்சி மண்ணு பதமா இருந்துச்சி. விடியக்காலைல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, குழவிய எக்ஸெல்ல முன்னால வெச்சிக் கொண்டும்போய் நட்டேன்."

"எனக்கே துரோகமா!" என்றார் காசிநாதன்.

"துரோகம்னு சொல்ற முன்னாடி இத பாத்துருங்க," என்று ஆரோக்கியதாஸ் ஜெயசுதாவிடமிருந்து வாடகை ஒப்பந்தத்தை வாங்கி மேசையில் விரித்தார். "உரிமையாளர்னு கையெழுத்துப் போட்டிருக்கிறது கண்ணகியம்மா. அந்த இடம் அவங்க பேருல இருக்குது. நீங்க மாசாமாசம் வாடகை வாங்கி வாங்கி, உங்க இடம்னே நெனச்சிட்டீங்க. ஜெயசுதாவ காலி பண்ணச் சொல்ல கோர்ட்டு உத்தரவு வேணும்னு அன்னைக்கே சொன்னேன். அந்த மனுவப் போடக்கூட உங்களுக்கு உரிமையில்ல."

கண்ணகி புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கப்பா எனக்கு எழுதி வெச்ச இடங்க. அத இடிக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஜெயசுதாவ வெளிய தள்ளாதீங்கன்னு மூணு தடவ வாயத் தொறந்தேன். மூணு தடவையும் 'நீ உள்ள போ'ன்னீங்க. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல நான் சொல்லி நீங்க ஒண்ணு கேட்டதில்ல. ஆனா கல்லு சொன்னா கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் ஒரு கல்ல கொண்டும்போய் வெச்சேன்."

காசிநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். விபூதி வேர்வையில் கரைந்து மூக்கின் மேல் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ அது சாமி இல்லியா?"

"அஞ்சி நாளா ஊரே கும்புட்டாச்சி. இனிமே அது சாமிதான்," என்றாள் கண்ணகி. " நான் கிரைண்டர் வாங்கி அரைச்சிக்கிறேன்."

"வேடியப்பா," என்றார் காசிநாதன், தலையைத் தூக்காமல். "வண்டிய எடுத்துக்கினு போப்பா."

வேடியப்பன் அடுத்த நிமிஷமே தெருவில் இருந்தான். ஜெயசுதா ஓடிப்போய்க் கண்ணகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பூமாலைக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அமீனாவைப் பற்றி மனதுக்குள் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

"முறையா புது ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சிருங்கம்மா. நம்ம பூமாலையே டைப் அடிச்சிக் குடுப்பாங்க," என்றார் ஆரோக்கியதாஸ் கண்ணகியிடம்.

எல்லோரும் கிளம்ப எழுந்தபோது காசிநாதன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து மனைவி பக்கம் தள்ளினார். "உக்காரு. இன்னா சொல்லணுமோ சொல்லு. குறுக்க பேச மாட்டேன்."

கண்ணகி அந்த நாற்காலியை ஒரு முறை பார்த்தாள். அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பூமாலைக்கு இருந்து கேட்க வேண்டும் என்று ஆசைதான். அமீனா குடைக் காம்பால் அவள் முழங்கையைத் தட்டி வெளியே கூட்டிவந்துவிட்டார்.

அப்போது மணி பதினொன்று. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, வேறு நல்ல வழி இருந்தும் பூமாலை அந்தத் தெரு வழியாகத்தான் போனாள். ஜன்னல் திறந்திருந்தது. காசிநாதன் அதே நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணகி அப்போதுதான் கல்யாணமான இரண்டாவது வருஷத்துக்கு வந்திருந்தாள்.