பழைய குழி மண்

அன்றைக்கு மாத்திரை தொண்டைக்குள் இறங்கவில்லை. நாலு மாதமாக, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வாய்த் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு போகிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அது. அன்று ஏனோ நாக்கின் நடுவில் தயங்கி நின்றது, கடைவாய்ப் பக்கம் உருண்டது, அவள் இருமிய வேகத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே மாட்டி உடைந்தது.

நற.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அடுக்களை ஜன்னல் வழியாக நனைந்த தரையின் வாசம் வந்தது. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் மேடையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மேல்பூச்சின் இனிப்பு கரைந்த பிறகு இரும்பின் துருச்சுவை வர வேண்டும். வரவில்லை. நாக்கில் வெண்ணெய்போல ஒட்டிக்கொண்டது வேறொன்று. லேசான புளிப்பு, அதற்குப் பின்னால் பாசி வாடை, கடைசியில் மேலண்ணத்தில் படிகிற ஒரு கொழுப்பு. ஊரில் வேறு யாருக்காவது இது வெறும் கசப்பாகத் தெரிந்திருக்கும். அவளுக்கு அப்படித் தெரிய வழியில்லை.

ஏனென்றால் மண்ணைக் கடித்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஓட்டுத் தொழிற்சாலைக்கு லாரி லாரியாகக் களிமண் வரும். ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்து மெதுவாகக் கடிப்பாள். நறநறத்தால் மணல் அதிகம். வழுக்கினால் நல்ல களி. நாக்கைப் பிடித்து இழுத்தால் சூளையில் வெடிக்கும். எந்தக் குழியில் எத்தனை அடி ஆழத்தில் வெட்டியது என்றுகூடச் சொல்லிவிடுவாள். முதலாளி லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய கருவி மூலையில் தூசி படிந்து கிடக்க, "நாக்குக்காரியக் கூப்பிடுங்கப்பா" என்றுதான் குரல் வரும். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஏன் இருக்கக்கூடாது?

கடித்ததைத் துப்பிவிட வேண்டும். அந்த வேலையின் முதல் விதியே அதுதான். எந்த நாளில் துப்ப மறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் ஒரு சிட்டிகை. பிறகு முந்தானை முடிச்சில் ஒரு கட்டி. பிறகு சோறு பிடிக்காமல் போய், மழை வாசம் வந்தாலே வாயூறி, தலையணைக்கு அடியில் வைத்துத் தின்கிற அளவுக்குப் போய்விட்டது. முகம் வெளுத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. அந்த நிலைமையில் உண்டான பிள்ளை ஆறாம் மாதத்தில் உயிரில்லாமல் வெளியே வந்தது. ஆண் பிள்ளை. பச்சைத் துணியில் சுற்றிக் கணவன் கையில் கொடுத்தார்கள். அவள் மயக்கத்தில் கிடந்தாள்.

"மயானத்துச் சுவரோரமா, வேப்ப மரத்தடியில வெச்சுட்டு வந்தேன்" என்று அவன் சொன்னான். பத்து நாள் கழித்து அவளை அங்கே கூட்டிக்கொண்டும் போனான். சின்ன மேடு ஒன்று இருந்தது. அவள் அதன்மேல் விழுந்து அழுதாள். அவன் அவள் தலையை விடாமல் தடவிக்கொண்டே இருந்தான்.

டாக்டரம்மா அப்போதே விளக்கமாகச் சொன்னார். "ரத்தத்துல இரும்பு குறைஞ்சா மண்ணு மேல ஆசை வரும்மா. நிறைய கர்ப்பிணிங்களுக்கு வரும், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா நீ தின்ன மண்ணு, உள்ள மிச்சமிருக்கிற இரும்பையும் உடம்புல சேர விடாது. அதனால இன்னும் ஆசை வரும். கூடவே புழு, ஈயம்னு எது எது போகுமோ தெரியாது. வட்டத்த எங்கயாவது வெட்டணும். இல்லைன்னா அடுத்ததும் தங்காது."

அடுத்தது வந்தது. அவள் வேலையை விட்டாள். ஆசை என்னவோ விடவில்லை. ஆனாலும் வாயைக் கட்டினாள். நாலு மாதத்தில் ஒரு துகள் மண் தொடவில்லை. கணவனும்தான் எப்படிப் பார்த்துக்கொண்டான்! அதே தொழிற்சாலையில் அச்சு செதுக்குகிறவன், கை சுத்தமான வேலைக்காரன், அதிகம் பேசாதவன். தினமும் சின்னக் கிண்ணத்தில் மாத்திரையைத் தயாராக வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். மாத்திரைப் பட்டையை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. கட்டினவனைப் போய் யார் சோதித்துக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு. போன வாரம் ஆறு.

"இன்னும் திங்கறியா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் பதறி, பிள்ளைமேல் ஆணையாக இல்லை என்றாள். அப்போது பக்கத்தில் நின்ற அவன், தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப வருத்தப்பட்ட குரலில் சொன்னான்.

"திங்கறா டாக்டர். நேத்துகூடப் பாத்தேன். நான் கேட்டா சண்டை வரும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள். முன்பு மண் தின்பதை மறைத்துப் பொய் சொன்னவள்தானே, இப்போது மட்டும் யார் நம்புவார்கள்! வழியெல்லாம் கேட்டதற்கு அவன் ஒரே பதில்தான் சொன்னான். "தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கறம்மா நீ. உனக்கே தெரியல." ஒரு வாரமாக அவள் அதை நம்பியும்விட்டாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நகக்கண்ணைப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது, மழைச் சத்தத்துக்கு நடுவே, உடைந்த மாத்திரையை உள்ளங்கையில் துப்பினாள். மேலே சிவப்புத் தோல். உள்ளே சாம்பல் நிறம்.

கிழக்குக் குழி மண் இல்லை, அது நறநறக்கும். ஏரி மண்ணும் இல்லை, அதில் உப்புக் கரிக்கும். பழைய குழி. தொழிற்சாலைக்குப் பின்னால், தண்ணீர் ஊறி, கம்பி வேலி போட்டு மூடிவிட்ட குழி. இரண்டு வருடமாக அங்கே யாரும் மண் எடுப்பதில்லை. மண் சரிதான். ஆனால் அந்தக் கொழுப்பு? பழைய குழி மண்ணில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

வீட்டின் பின்பக்கத்தில் அவன் அச்சு செதுக்குகிற அறை இருந்தது. எப்போதும் பூட்டியிருக்கும். உளி, ரம்பம் எல்லாம் கிடக்கிறது, வயிற்றோடு நீ வராதே என்பான். அக்கறை என்று நினைத்தாள், பைத்தியக்காரி. உத்தரத்தின்மேல் அவன் வைக்கும் சாவியை எடுத்துத் திறந்தாள்.

உள்ளே ஈர வாசம் முகத்தில் ஈரத்துணி போட்டதுபோல் வந்து அப்பியது. தகர ஓட்டில் மழை கொட்டும் சத்தம், மூலையில் எங்கோ சொட்டுகிற சத்தம், மரத்தூளும் எண்ணெயும் கலந்த நெடி, அதற்கெல்லாம் அடியில், பூட்டிய அறைகளில் மட்டும் இருக்கிற ஒரு தித்திப்பு. கண் பழகப் பழக, மேஜைமேல் வரிசையாகத் தட்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு தட்டிலும் மாத்திரைகள். சாம்பல் நிறத்தில் காய்வது ஒரு தட்டில், சிவப்புப் பாகு பூசியது இன்னொன்றில். பக்கத்தில் பித்தளை அச்சு. மாத்திரையின் நடுக்கோடுகூட அச்சில் நேர்த்தியாகச் செதுக்கியிருந்தது. கை சுத்தமான வேலைக்காரன் அல்லவா.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அதில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைப் பட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன.

மேஜைக்கு அடியில் ஒரு மண் பானை. வாயில் துணி கட்டியிருந்தது. பச்சைத் துணி. ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை.

அவள் குனிந்து அந்த முத்திரையை விரலால் தடவினாள்.

"பாத்துட்டியா?"

வாசலில் அவன் நின்றான். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேலைக்குப் போனவன் எப்போது வந்தான்? கோபம் இல்லை முகத்தில். அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னங்க இது?" என்றாள்.

"உக்காரு. நிக்காத, கால் வீங்கும்." அவன் குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்தான். "மயானத்துல கல்லும் மண்ணுமா காஞ்சு கிடந்துச்சும்மா. அங்க வெக்க மனசு வரல. பழைய குழியிலதான் எப்பவும் ஈரம். நீயும் அந்த மண்ணத்தான ஆசையா தின்ன. அவனும் அதத் தின்னுதான வளந்தான்."

"மேடு... நான் அழுத மேடு?"

"அது நான் சும்மா குவிச்சது. நீ அழணும்ல."

இரண்டு வருடமாக, மாசத்துக்கு ஒருமுறை பூ வாங்கிக்கொண்டு போய் அந்த வெறும் மேட்டில் வைத்தாள். அவன் கூடவே நின்றான். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் நின்றான்.

"அவன் எங்கயும் போகல" என்றான், பேரம் பேசுகிறவனைப்போலப் பொறுமையாக. "கரைஞ்சு மண்ணோட மண்ணா இருக்கான். உன் வழியாதான் வந்தான், உன் வழியாதான் திரும்ப வரணும். அந்த மண்ண எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துட்டு வரேன். இன்னும் ரெண்டு மாசத்துக்குத்தான் மிச்சம் இருக்கு."

"இது வேற பிள்ளைங்க! உள்ள இருக்கிறது வேற பிள்ளை!"

"அப்படியா?" என்று அவன் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தான்.

தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். சிவப்பும் சாம்பலும் கலந்து, கை கொள்ளாமல். டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். அவளிடம் இருக்கிற சாட்சி இது ஒன்றுதான். அவன் தடுக்கவில்லை. ஒதுங்கி வழிகூட விட்டான்.

"மெதுவா போ. வழுக்கும்."

தெருவில் பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். கையை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த காய்கறிக்காரி, "என்னம்மா, வலி எடுத்துடுச்சா? மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு" என்றாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.

மழை. இரண்டு பக்கமும் நனைந்த நிலம். அதன் வாசம் ஆட்டோவுக்குள் புகுந்து சுற்றியது. வாயூறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது.

கைக்குள் ஈரம். வியர்வையா, மழையா? விரல்களை இறுக்கினாள்.

பிள்ளை உதைத்தது. ஒரு மாதமாக அசைவே குறைந்து கிடந்த பிள்ளை. இப்போது துள்ளியது. பசித்த பிள்ளை பாலைக் கண்டதுபோல. அவள் வயிற்றைத் தடவினாள். இரு கண்ணு. இதோ வந்தாச்சு.

இறங்கினாள். நடந்தாள். ஆஸ்பத்திரி படி. ஒன்று. இரண்டு. மூச்சு வாங்கியது. கண் இருட்டியது. கம்பியைப் பிடித்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள்? தெரியவில்லை.

வராந்தா பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். வண்டியில் வந்திருப்பான். மடியில் மடித்த குடை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

அவள் அவனைத் தாண்டி உள்ளே ஓடினாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, நான் திங்கல. சத்தியமா திங்கல. இவருதான் மாத்திரைக்குப் பதிலா... மண்ணுல செஞ்சு... எங்கிட்ட இருக்கு, பாருங்க. நீங்களே பாருங்க."

மேஜைமேல் கையை நீட்டினாள். திறந்தாள்.

உள்ளங்கை வெறுமையாக இருந்தது. சிவப்புச் சாயம் மட்டும் ரேகைகளில் படிந்திருந்தது. நக்கித் துடைத்ததுபோல.

மின்விசிறி சுற்றியது. அவளுடைய தாடை அசைந்துகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மென்றுகொண்டிருந்தாள். நிறுத்தினாள். உதட்டோரத்தில் ஏதோ வழிந்தது.

"நான் சொன்னேன்ல டாக்டர்" என்றான் அவன், கதவருகில் இருந்து. அழுகைகூட வந்தது அவனுக்கு.

"வாயத் திறம்மா" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. அதைவிட மோசம், பாவப்பட்டார். "துப்பாத, அப்படியே திற. என்ன தின்னிருக்கேன்னு பாக்கணும்."

திறந்தாள். டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. பல்லெல்லாம் சாம்பல் சேறு. டாக்டரம்மா குனிந்தார். இன்னும் குனிந்தார். இடுக்கியைக் கேட்டு வாங்கி, கடைவாய்ப் பல் ஈறிலிருந்து எதையோ மெல்லப் பிடுங்கி வெள்ளைப் பஞ்சின்மேல் வைத்தார்.

கல் இல்லை. மணலும் இல்லை. அரிசிக் குறுணையைவிடச் சிறியது. மெல்லியது. லேசாக வளைந்தது. வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்தது. ஒரு நகம்.

டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்தார். நர்ஸ் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். அவன் மட்டும் இரண்டடி முன்னால் வந்து, பஞ்சை எட்டிப் பார்த்து, "ஐயோ, அது வீணாப் போகுதே" என்றான்.

அவள் அழ நினைத்தாள். கத்த நினைத்தாள். வயிற்றுக்குள் பிள்ளை, வெகு நாளைக்குப் பிறகு, வயிறு நிறைந்ததுபோல அமைதியாகப் புரண்டு படுத்தது. அவள் கை தானாக எழுந்து பஞ்சை நோக்கி நீண்டது.