மஞ்சள் குடை, மூன்று ஓட்டை

எனக்குப் பயப்படப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. குக்கர் விசில் அடித்தாலே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை நான் பயந்ததற்குச் சரியான காரணம் இருந்தது.

என் அக்காவின் இசைக்குழுவுக்குப் பெயர் ‘ஓட்டைக் குடை’. அக்கா பாடுவாள். இடி அண்ணன் டிரம்ஸ். கம்பி அண்ணன் கிடார். அவர்களுடைய உண்மையான பெயர்கள் இந்நேரம் அவர்களுக்கே மறந்திருக்கும். சனிக்கிழமை நூலக அரங்கில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி.

நான் விளம்பரப் பிரிவு. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான். பத்து நாள் அழுது வாங்கிய பதவி.

“எல்லாத்துலயும் ஒரே குடை இருக்கணும் சுண்டு. தூரத்துல பார்த்தாலே நாமதான்னு தெரியணும்” என்று சொல்லி, அக்கா ஒரு மாதிரிப் படம் வரைந்து கொடுத்திருந்தாள். மஞ்சள் குடை. மூன்று ஓட்டை. கைப்பிடி இடப்பக்கம் வளைந்திருக்கும்.

அதைப் பார்த்துப் போஸ்டர் வரைந்தேன். எல்லோரும் பார்த்து “சூப்பர்” என்றார்கள். பிறகு பயிற்சியில் மூழ்கிவிட்டார்கள். நுழைவு அட்டை, நூலகத்தின் இணையப் பக்கத்துக்கான படம் என்று மற்றதையெல்லாம் நானே வரைந்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை அக்காவுக்கு ஃபோன் வந்தது. நூலகத்தில் அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் பேசினார். அவர் குரல் அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது.

“ஏம்மா, உங்க பேர்ல எத்தனை குழு இருக்கு? போஸ்டர்ல மஞ்சள் குடை. பிள்ளைங்க கொண்டுவர்ற அட்டையில ஆரஞ்சு குடை, அதுல ரெண்டே ஓட்டை. எங்க இணையப் பக்கத்துக்கு வந்த படத்துல கைப்பிடி வலப்பக்கம் திரும்பியிருக்கு. யாரு உண்மையான ஆளு, யாரு பொய்யான ஆளுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்து சொல்லுங்க. இல்லன்னா மேடை கிடையாது.”

கையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன்.

“எங்களோடது மஞ்சள், மூணு ஓட்டை மேடம். மத்தது எங்களோடது இல்ல. யாரோ காப்பியடிக்கிறாங்க” என்றாள் அக்கா.

யாரும் காப்பியடிக்கவில்லை. போஸ்டர் முடித்த அன்றே மாதிரிப் படத்தின் மேல் பாலைக் கொட்டிவிட்டேன். அக்கா கத்துவாள், பதவியும் போய்விடும் என்று பயந்து அதை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அதற்குப் பிறகு எல்லாக் குடைகளையும் நினைவிலிருந்துதான் வரைந்தேன். நடுவில் மஞ்சள் ஸ்கெட்ச் தீர்ந்துபோனது. ஆரஞ்சும் கிட்டத்தட்ட மஞ்சள்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இடி அண்ணன் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டினான்.

“இது அந்த ஊதல் பயலோட வேலை. போன மாசம் குழுவுல சேர்த்துக்கச் சொல்லிக் கெஞ்சினான்ல? நான் இடமில்லன்னுட்டேன். அந்தக் கோபம்.”

“நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நேரா அவன் வீட்டுக்குப் போறோம். அவங்க அப்பாகிட்டயே கேட்கிறோம்” என்றாள் அக்கா.

ஊதல் என் வகுப்பில் படிக்கிறவன். புல்லாங்குழல் வாசிப்பான். அவனுடைய அப்பா பஸ் ஓட்டுகிறவர். அவர் தெருவில் நடந்து வந்தால் நாங்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுவோம். அவ்வளவு பெரிய ஆள், அவ்வளவு பெரிய குரல்.

வாயை மூடிக்கொண்டேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் இல்லையே” என்றாள்.

மறுநாள் வகுப்பில் ஊதல் தன்னுடைய அழிப்பானை எனக்குப் பாதி வெட்டிக் கொடுத்தான். நான் கேட்கக்கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு பாடவேளையும் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் சொன்ன ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை.

மூன்றரை மணிக்கு நால்வரும் கிளம்பினோம். இடி அண்ணன் முன்னால் நடந்தான். நான் கடைசி. வழியில் இரண்டு தடவை செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

“சுண்டு, சீக்கிரம் வா” என்றாள் அக்கா.

“அக்கா, வேண்டாமே. திரும்பிப் போயிடலாமே.”

“ஏன்?”

மறுபடியும் குனிந்து செருப்பு வாரை இழுத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் ஊதலின் அப்பா. காக்கிச் சட்டையில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் முழங்கைக்குக் கீழே ஊதலின் முகம் எட்டிப் பார்த்தது. எங்களைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது.

“என்னைச் சேர்த்துக்க வந்தீங்களா? உங்க பாட்டு முழுசும் எனக்குத் தெரியும். வாசிச்சுக் காட்டட்டுமா?”

இடி அண்ணன் தொண்டையைச் செருமினான்.

“அங்கிள், உங்க பையன் எங்க குடையைத் திருடிட்டான்.”

“குடையா?” என்றார் அவர்.

“நிஜக் குடை இல்ல அங்கிள். படம். எங்க பேர்ல பொய்யா அட்டை போட்டு ஊரெல்லாம் கொடுத்திருக்கான். அதனால எங்க நிகழ்ச்சியே நின்னுபோற மாதிரி இருக்கு.”

அப்பா மெதுவாகத் திரும்பினார். “நீ செஞ்சியாடா?”

ஊதலின் சிரிப்பு போய்விட்டது. “இல்லப்பா” என்றான். சத்தமே வரவில்லை.

“உண்மையைச் சொல்லு.”

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்தச் சுவரோரம் நிற்க வேண்டியது நானல்லவா.

“அவன் இல்ல. நான்தான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாலைக் கொட்டியது, மெத்தைக்கு அடியில் ஒளித்தது, ஆரஞ்சு ஸ்கெட்ச், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

முதலில் பேசியது கம்பி அண்ணன். அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான்.

“மணி மூணே முக்கால்” என்றான்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வீட்டுக்கு ஓடினேன். மெத்தைக்கு அடியில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். அது காய்ந்து விறைத்துப்போயிருந்தது. ஆனாலும் குடை தெரிந்தது. பால் வாடையும் நன்றாகவே வந்தது.

“இனிமே ஞாபகத்துல வரைய மாட்டேன். எனக்கு ஒரு கெட்டி அட்டை வேணும்” என்றேன்.

ஊதலின் அப்பா உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார். படத்தை அதன்மேல் வைத்து அழுத்தித் தடம் எடுத்தேன். அவர் கத்தரிக்கோலால் குடையை வெட்டினார். மூன்று ஓட்டைகளையும் பொறுமையாகக் குடைந்தார். இனி அந்த அட்டைக் குடையைச் சுற்றிக் கோடு போட்டால் போதும். எத்தனை தடவை போட்டாலும் ஒரே குடைதான்.

ஊதல் தன்னுடைய மஞ்சள் பெயின்ட்டைக் கொண்டுவந்தான். நான் கோடு போட்டேன். அவன் வண்ணம் அடித்தான். இடி அண்ணன் உலர்வதற்காக ஊதிக்கொண்டே இருந்தான். புதிய போஸ்டர், புதிய அட்டை, இணையப் பக்கத்துக்குப் புதிய படம், மூன்றும் ஒரே டப்பா மஞ்சளில்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நூலகத்துக்குள் நுழைந்தோம். மேடம் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஓட்டைகளை விரல்விட்டு எண்ணினார்.

“சரி. இப்போதான் ஒரே குழு மாதிரி இருக்கு. ஆனா ஏற்கெனவே வெளியில போன ஆரஞ்சு அட்டை?”

“அதுவும் எங்களோடதுதான் மேடம். நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன்” என்றேன். இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. “முப்பத்தாறு பேருக்குக் கொடுத்தேன். எல்லாரும் எங்க ஸ்கூல். நாளைக்கு வாசல்ல நானே நின்னு உள்ள அனுப்புறேன்.”

மேடம் மூன்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டார். “நாலு மணிக்குத் தொடங்கணும். தாமதமா வரக்கூடாது” என்றார்.

வெளியே வந்ததும் அக்கா ஊதலிடம் போனாள். “மன்னிச்சிடுப்பா. கேட்காம கொள்ளாம உன்மேல பழி போட்டுட்டோம். காலையில ஒன்பது மணிக்குப் பயிற்சி. வர்றியா?”

“ஒன்பது மணிக்கா? எட்டுக்கே வர்றேன்” என்றான் அவன்.

அவரவர் வீட்டுக்குப் போனபின் நானும் அக்காவும் மட்டும் நடந்தோம். பெரிய கடைகளைத் தாண்டும் வரை அவள் பேசவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

“பதவி போயிடுச்சாக்கா?” என்று கேட்டேன்.

“இனிமே எதையாவது கொட்டினா யார்கிட்ட சொல்லுவ?”

“உன்கிட்ட.”

“எப்போ?”

“உடனே.”

“நான் கத்துவேன்.”

“தெரியும்.”

“கத்தினாலும் சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“அப்போ பதவி இருக்கு. ஆனா இதுக்கு நான் இன்னும் கத்தவே இல்ல” என்றாள் அக்கா.

பிறகு வீட்டு வாசல் வரை கத்திக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.