டப்பாவில் ஒன்பது குறைகிறது

"டப்பாவுல கை வச்சது யாருடி? நீயா, உன் நிழலா?"

"உங்க சத்து மாத்திரைய எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன் அத்தை? மாலை கோத்துப் போட்டுக்கவா?"

"எகத்தாளம் பேசாத. ஒண்ணாந்தேதி முப்பது போட்டு வச்சேன். தேதி பத்து. இருவத்தொண்ணு இருக்கணும். பன்னெண்டுதான் கீது."

"சத்து மாத்திரைக்கு எண்ணிக்கை வச்சிக்கினு அலையற ஒரே ஆளு நீங்கதான்."

"மெதுவாப் பேசு. சம்பந்தி வீட்டு வண்டி வர்ற நேரம்."

"நானா கத்துறேன்? நாலு வீட்டுக்குக் கேக்குறது உங்க குரலு."

அது உண்மை. திண்டிவனத்தின் அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு இரண்டு டிவிகளின் சத்தம் ஏற்கெனவே குறைக்கப்பட்டிருந்தது. சண்டை தெளிவாகக் கேட்க வேண்டாமா?

அம்சா டப்பாவை மூடினாள். மறுபடி திறந்து எண்ணினாள்.

ஏனென்றால்... அது சத்து மாத்திரையே இல்லை!

பதினான்கு மாதத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய். பயப்படாதீங்கம்மா, தினம் ஒரு மாத்திரை, ஒழுங்கா போட்டா பல வருஷம் நல்லா இருக்கலாம் என்றார்கள். அம்சாவுக்கு மாத்திரை பயமாக இல்லை. தெருதான் பயம்.

கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். அம்மாவுக்கு ரத்தத்தில் புற்று என்று தெரிந்தால் எவன் வாசல்படி மிதிப்பான்?

மூச்சு விடவில்லை. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடும் புருஷன் அப்பாதுரைக்கு மட்டும் தெரியும். அவரும் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிடத்தான்.

அதற்கு மேல் ஒரு சோதனை. அமைந்த மாப்பிள்ளை அன்புச்செல்வன் விழுப்புரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். மருந்துக்குப் படித்தவன். அட்டையைத் தூரத்தில் பார்த்தாலே பெயர் சொல்லிவிடுவான்.

ஆகவே ஒண்ணாந்தேதி ராத்திரியோடு ராத்திரியாக ஒவ்வொரு அட்டையையும் பிதுக்கி, முப்பது காவி நிற மாத்திரைகளையும் ஒரு காலி கால்சியம் டப்பாவில் கொட்டி, அடுக்களை அலமாரியில் சீரகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அட்டைகள் அடுப்பில் எரிந்தன.

எவ்வளவு புத்திசாலித்தனம்!

இப்போது ஒன்பது காணோம்.

அப்போதுதான் கொல்லைப்புறத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

உவ்வே...

அம்சா உறைந்தாள்.

சண்டையைப் பாதியில் விட்டுக் கொல்லைக்குப் போயிருந்த மருமகள் கலைப்பிரியாவுக்கு வயிற்றில் நாலு மாதம். ஆஸ்பத்திரி நர்ஸ் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்ன வார்த்தை காதில் இடித்தது. "வேற யாரும் இதைத் தொட வேணாம்மா. அட்டையிலயே இருக்கட்டும், பூட்டி வைங்க. வயித்துல புள்ள இருக்கறவங்க வாயில போயிடவே கூடாது."

ஓடினாள்.

"கலை... உண்மையச் சொல்லு. அந்த மாத்திரைய முழுங்கினியா?"

கலைப்பிரியா குழாயடியில் வாய் கொப்பளித்தாள். "இல்ல."

"ஒண்ணு கூட?"

"எனக்கு நர்ஸம்மா குடுத்தது செவப்பு மாத்திரை. பீரோவுல கீது. உங்க பவுசு மாத்திரை எனக்கு எதுக்கு?"

"அப்ப வாந்தி?"

"நாலு மாசமா எடுத்துக்கினுதான் இருக்கேன். நீங்க இன்னிக்குத்தான் கேக்குறீங்க அத்தை."

நறுக்கென்று தைத்தது. ஆனாலும் அம்சா நம்பவில்லை. திருட்டு மாத்திரை தின்றவள் ஆமாம் என்று சொல்வாளா?

வாசலில் ஹாரன்.

வந்துவிட்டார்கள்!

மாப்பிள்ளையின் அம்மா சின்னபொண்ணு பெயரில்தான் சின்னவள். உட்கார்ந்த நாற்காலி முனகியது. கேசரியில் முந்திரி எத்தனை என்று ஒரு பார்வை. சுவரில் பெயிண்ட் எப்போது அடித்தது என்று இன்னொரு பார்வை.

"பொண்ண வரச் சொல்லுங்க. விழுப்புரத்துல மழை வர மாதிரி இருக்குது, ஜல்தி கெளம்பணும்."

இசைவாணி காபித் தட்டோடு வந்தாள்.

சின்னபொண்ணு உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கண்ணு இப்படி வீங்கிக் கெடக்குது? அழுதியா?"

"இல்லீங்க."

"கட்டாயப்படுத்துறாங்களா? எங்களுக்கு அந்தப் பேஜாரெல்லாம் வேணாம். இப்பவே சொல்லிடு."

மூன்று நாளாகவே அம்சாவும் அந்தக் கண்ணைக் கவனித்திருந்தாள். தெருவும் கவனித்திருந்தது. கண் வீங்கிய பெண்ணுக்கு இந்நேரம் ஒரு காதலன், அவனுக்கு ஒரு பைக், பைக்குக்கு ஒரு நிறம்கூட முடிவாகியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து மறுபடியும்...

உவ்வே...

அம்சாவுக்குள் ஏதோ அறுந்தது. ஒரு பக்கம் மகளின் கல்யாணம். மறுபக்கம் மருமகள் வயிற்றில் இருக்கும் உயிர்.

அடுக்களைக்குள் போனாள். டப்பாவைக் கொண்டுவந்து, கேசரித் தட்டுக்கு நடுவில், மாப்பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

"தம்பி... நீங்க மருந்து படிச்சவரு. இத கொஞ்சம் பாருங்க."

அப்பாதுரை எழுந்தே விட்டார். "அம்சா, வேணாம்."

அன்புச்செல்வன் டப்பாவைத் திறந்தான். ஒரு விநாடி பார்த்தான். விரலை உள்ளே விடவில்லை. மூடினான்.

"இது யாருக்குங்க அத்தை?"

"எனக்கு."

"எவ்ளோ நாளா?"

"பதினாலு மாசம். ரத்தத்துல புற்று." தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அட்டையப் பிச்சிப் போட்டுட்டேன். ஒம்போது மாத்திரை காணோம். என் மருமக தின்னுட்டா தம்பி. நாலு மாசம் அவளுக்கு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க."

சின்னபொண்ணு கையிலிருந்த கேசரியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

வாசற்படியில் வந்து நின்ற கலைப்பிரியாவின் முகம் வெளிறியது. "புற்றா? அதையா என் மேல பழி போட்டுக்கினு இருந்தீங்க? ஐயோ அத்தை... சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே, பூட்டி வச்சி."

அன்புச்செல்வன் அவளைப் பார்க்கவில்லை.

அவன் பார்த்தது, காபித் தட்டோடு நின்றவளை.

"அழுதா மூக்கு செவக்கும். குரலு கம்மும்." மெதுவாகச் சொன்னான். "உங்களுக்குக் கண்ணச் சுத்தி மட்டும் நீர் கோத்திருக்குது. எத்தினி போட்டீங்க?"

தட்டு ஆடியது. காபி டபராவில் தளும்பியது.

"ஒம்போது... தினம் ஒண்ணு."

அம்சா அவள் பக்கம் திரும்பினாள். "எதுக்குடி?"

"போன தடவை செஞ்சிலேருந்து வந்தவங்க இன்னா சொன்னாங்க? பொண்ணு கலரு கம்மின்னு சொல்லல?" இசைவாணி தட்டைக் கீழே வைத்தாள். "நீ வெளுத்துக்கினே வந்தம்மா. கேட்டா சத்து மாத்திரைன்ன. எனக்குத் தராம நீ மட்டும் தின்னுக்கினு இருக்கன்னு நெனச்சேன்."

"அந்த மருந்துக்குத் தோலு வெளுக்குறது உண்டு," என்றான் அன்புச்செல்வன். "அது அழகு இல்லீங்க. பக்க விளைவு."

அம்சா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய், மகளின் வயிற்றுக்குள் ஒன்பது நாளாகப் போயிருந்தது. எதிரே சம்பந்தி. பக்கத்தில், பழி சுமந்த மருமகள். ஒளிய அந்தச் சின்ன கூடத்தில் இடமில்லை.

"அத்தை, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல தம்பி. வாந்தி வந்தா உங்க முன்னாடி மானம் போயிடும்னு..."

"இப்படி அடிக்கடி விடுவீங்களா?"

"கோயிலுக்குப் போன அன்னிக்கு விட்டேன். மறுநா ரெண்டா போட்டுட்டேன்."

"விட்டது விட்டதுதான். ரெண்டா போடக் கூடாது. இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது. சாப்பிட்டுட்டு, பெரிய டம்ளர் நெறைய தண்ணி வச்சி, முழுசா முழுங்கணும். வாந்தி வந்தா டாக்டர்ட்ட சொல்லணும், எங்ககிட்டயா மறைக்கணும்?" டப்பாவைத் தள்ளி வைத்தான். "இந்தப் பன்னெண்டு வேணாம். யாரு கை பட்டதோ. நாளைக்கு ஆஸ்பத்திரில நடந்தத சொல்லி வேற வாங்கிக்கலாம். இன்னிக்கே அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. இப்ப உங்க பொண்ணுக்கு ரத்தம் பாக்கணும். கெளம்புங்க."

பெண் பார்க்க வந்த கார், பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. தெரு மொத்தமும் வாசலுக்கு வந்து வழியனுப்பியது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம்.

ரத்த அணு கொஞ்சம் குறைவு, மாத்திரையை நிறுத்தினால் தேறிவிடும், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அம்சா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற கலைப்பிரியாவின் கையைப் பிடிக்கப் போய், பாதியில் நிறுத்தினாள். கலைப்பிரியாவே பிடித்துக்கொண்டாள்.

சின்னபொண்ணு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தாள். அம்சாவைப் பார்த்து, தனியாக வா என்று கண்ணைக் காட்டினாள்.

முடிந்தது கதை! அம்சா தலையைக் குனிந்துகொண்டே தூண் பக்கம் போனாள். "மன்னிச்சிக்குங்க அண்ணி. மறைச்சது தப்புதான். வேற எடம் பாத்துக்குங்க."

"அத விடு." சின்னபொண்ணு இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலை இறக்கினாள். "எங்க சின்னவளுக்கும் கலரு கம்மிதான். அந்த மாத்திரை... நெஜமாவே வெளுக்குதா?"

"அம்மா!"

பின்னால் அன்புச்செல்வன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை அம்சா அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நாளில் முதல்முறையாக, தலைகுனிந்து நிற்க அவளுக்குத் துணை கிடைத்தது.

ஆவணியில் கல்யாணம். இசைவாணி விழுப்புரம் போனாள். கலைப்பிரியா பெண் குழந்தை பெற்றாள்; புருஷன் கோபியின் வேலையை ஒட்டி ஒரகடத்தில் தனிக்குடித்தனம். அத்தையோடு சண்டை இப்போது போனில், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், மாத்திரை போட்டாச்சா என்று தொடங்கும். சின்னபொண்ணின் சின்ன மகள், எந்த மாத்திரையும் தின்னாமல், வளவனூர் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள்.

கல்யாண ஆல்பம் வந்தது. போட்டோகிராபர் கேட்காமலே பெண்ணைப் பாலில் முக்கி எடுத்திருந்தான். இசைவாணி ஆல்பத்தை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

"என் புருஷன் பக்கத்துல நிக்கிறவ யாருன்னு அந்தப் போட்டோகிராபர மொதல்ல விசாரிங்க!"