அடுப்பில் வெந்த தளபதி

அன்று காலை தணலில் வைத்த டோஃபு, டோஃபு மாதிரி மணக்கவில்லை.

சியூஹே மூக்கைச் சுருக்கிக்கொண்டு கம்பி வலையின் மேல் குனிந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே சந்து முனையில் இதே கரியடுப்பை மூட்டுகிறவள் அவள். வெள்ளைக் கட்டிகள் ஓரம் சிவந்து உப்பும்போது எழுகிற வேகும் சோயாவின் வாசனையும், பக்கத்துக் கல்லில் நசுக்கி வைத்த பூண்டு இஞ்சியின் காரமும், ஈரக் கரியின் புகையும் அவள் தலைமுடியிலேயே ஊறிப்போயிருந்தன. இன்றைக்கு அவற்றுக்கு அடியில் வேறொன்று இருந்தது. முடி பொசுங்குகிற வாசனை. கொழுப்பு உருகித் தணலில் சொட்டுகிற வாசனை. இடுக்கியால் ஒரு கட்டியைப் புரட்டிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது.

"பாய் சி கறி வெந்துச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு நியூ கிழவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சீனாவில் காவ்பிங் பக்கத்தில் அந்தச் சுட்ட டோஃபுப் பலகாரத்துக்கு அதுதான் பெயர். சின் நாட்டுத் தளபதி பாய் சி ஒரு போரிலும் தோற்காதவன். அவன் இந்தப் பள்ளத்தாக்கில்தான் சாவோ நாட்டுப் படையை வளைத்துப் பட்டினி போட்டான். ஆயுதத்தைக் கீழே வைத்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்தான். வைத்தார்கள். அத்தனை பேரையும், லட்சக்கணக்கில், மண்ணுக்குள் தள்ளி மூடினான். பின்னால் அவனுடைய ராஜாவே அவனிடம் வாளை அனுப்பி, கழுத்தை அறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். இந்த ஊருக்கு அது போதவில்லை. டோஃபுவை அவன் சதையென்று சுட்டார்கள். சோயாச் சக்கையைப் பூண்டோடு மசித்து, அவன் மூளையென்று தொட்டுக்கொண்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தின்றும் கோபம் அடங்கவில்லை.

"உங்க வீட்டு மாப்பிள்ளை இன்னிக்காவது வாயில வெச்சாரா?" என்றார் கிழவர் மென்றுகொண்டே.

"எங்க வெச்சாரு அண்ணே? தட்டைப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடறாரு."

"வைக்க மாட்டான். சொந்த ஊர்க்காரன் கறிய எவன் தின்பான்?"

சியூஹே அடுத்த கட்டியைப் புரட்டினாள். அவளுக்கு ஒரே மகள், சுன்யே. அவள் தொழிற்சாலையில் பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவன் கெங்ஷெங். மேற்கே மெய் வட்டத்துக்காரன். பாய் சி பிறந்த மண் அது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த முதல் நாளே தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எங்க ஊர்ல அவரு வீரர், அத்தை. சாதாரணச் சிப்பாயா சேர்ந்து தளபதி ஆனவரு. நீங்க அவரைப் பூண்டு போட்டுத் தின்னுக்கிட்டிருக்கீங்க."

"எங்க ஆளுங்களப் புதைச்சவன் மாப்பிள்ளை அவன்."

"அதுக்குன்னு இத்தனை தலைமுறையா தின்னா, அவரு எங்கதான் போவாரு? எல்லாம் உங்க வயித்துக்குள்ளதான இருக்காரு?"

சுன்யே விழுந்து விழுந்து சிரித்தாள். சியூஹேவுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது மகள் வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அப்பன் நல்லவனாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. அதனாலேயே அவனை விடாமல் கவனித்தாள். அவன் கதவைச் சாத்தும் விதம், அவன் செருப்பில் ஒட்டிய மண், எதையும் விடவில்லை.

கிழவர் காசைக் கொடுத்தபோதுதான் அவர் உள்ளங்கையில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே?"

"கொப்புளம். எதுல பட்டுச்சுன்னே தெரியல," என்றார். குரலைத் தாழ்த்தினார். "நேத்து ராத்திரியும் உங்க முற்றத்துல வெட்டுற சத்தம் கேட்டுச்சும்மா. அவன் ஊர்க்காரன் நம்ம மண்ணுல மண்வெட்டி போட்டா, அது நல்லதுக்கா இருக்குமா?"

குளிர்காலத்துக்கு முட்டைக்கோசும் முள்ளங்கியும் போட்டு வைக்க முற்றத்தில் குழி வெட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கெங்ஷெங் தானாகவேதான் வெட்ட ஆரம்பித்தான். ஆனால் இடுப்பளவு வெட்டிவிட்டுப் படுத்தால், விடியும்போது குழி மார்பளவு இருந்தது. மறுநாள் ஆளை முழுங்கும் ஆழம். வெட்டின மண்ணும் தள்ளிக் கொட்டப்படவில்லை. விளிம்பைச் சுற்றிக் கரை கட்டினமாதிரி அடுக்கியிருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளினால் அத்தனையும் உள்ளே விழும்.

காய்கறிக்குக் குழி வெட்டுகிறவன் அப்படி அடுக்க மாட்டான். சியூஹேவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"ராத்திரியில எதுக்கு மாப்பிள்ளை வெட்டுறீங்க?"

"நானா?" அவன் அவளையே பார்த்தான். "நீங்க ஆள் வெச்சு வெட்டுறீங்கன்னு இல்ல நினைச்சேன்."

எவ்வளவு இயல்பாகப் பொய் வருகிறது! அன்று முழுக்க அவள் மனசு அதையே சுற்றியது. யாருக்கு வெட்டுகிறான்? தனக்கா? மகளுக்கா? பெரிய கரண்டியைத் தூக்கும்போது தோள் இரண்டும் விண்ணென்று தெறித்தன. சோயா அரைத்த வலி, உள்ளங்கைக் கொப்புளங்களும் அதனால்தான் என்று எண்ணிக்கொண்டாள். நகக் கண்ணில் மஞ்சள் மண் இருந்தது. அதைக் கழுவினாள். கழுவும்போது எதையும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் கரிப்புகையும் பனியும் கலந்து சந்து முழுவதையும் மூடிக்கொண்டு வந்தது. எதிர்ச்சுவர் தெரியவில்லை. நாய்கள் ஒன்றும் குரைக்காத அந்த மங்கலில் கெங்ஷெங் முற்றத்தில் நின்றிருந்தான். கையில் மண்வெட்டி. குழியின் சுவரிலிருந்து எடுத்த ஒரு தாடை எலும்பைத் திண்டின் மேல் வைத்திருந்தான். இந்த ஊர் நிலத்தில் எலும்பு வருவது புதிதல்ல. ஆனால் இதன் பற்களுக்கு நடுவே மண் கெட்டித்துப்போய் நிறைந்திருந்தது.

"வாயைத் திறந்தபடியே செத்திருக்கான் அத்தை," என்றான். "இத்தனை நாள் எனக்கு இது வெறும் கதை."

சியூஹே வாசல்படியிலேயே நின்றாள்.

அவன் மெல்ல வந்து மண்வெட்டியை அவள் காலடியில் வைத்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"உங்களுக்கு என்மேல சந்தேகம். எனக்குத் தெரியாம இல்ல. இந்தாங்க, மண்வெட்டிய நீங்களே வெச்சுக்கங்க. நீங்க சுடுறதையும் தின்னுடறேன். புள்ள பொறக்கப்போற வீட்ல நமக்குள்ள சண்டை வேண்டாம் அத்தை."

அவள் நெஞ்சு இளகியது. உண்மையாகவே இளகியது. 'வாங்க மாப்பிள்ளை, உள்ளே வந்து உட்காருங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முதல்ல கோசை அடுக்கிடுங்க. உறைபனி வருது," என்றது அவள் வாய். "ஏணி போட்டிருக்கு. இறங்குங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் சிரித்துவிட்டான். "என்ன அத்தை, போருக்கா அனுப்புறீங்க?"

அவளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான், தான் எதற்கு அப்படிச் சொன்னோம் என்று தேடினாள். கிடைக்கவில்லை. நாக்கின் அடியில் பூண்டு ருசி. அதற்கும் அடியில் கொழுப்பின் ருசி. காலையிலிருந்து எத்தனை முறை வாய் கொப்பளித்தும் போகாத ருசி.

அவன் தலை விளிம்புக்குக் கீழே இறங்கியது. அவள் ஒவ்வொரு கோசாக எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கி அடுக்கினான். ஏதோ பாட்டை முணுமுணுத்தான். நல்ல பிள்ளை, என்று நினைத்தாள். எவ்வளவு நல்ல பிள்ளை.

அவள் கைகள் ஏணியை மேலே இழுத்தன.

"அத்தை?"

ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மண்வெட்டியை எடுத்தாள். கை அதை அறிந்திருந்தது. உள்ளங்கைக் கொப்புளங்கள் பிடியில் சரியாகப் போய் உட்கார்ந்தன.

அப்போதுதான் தெரிந்தது, யார் வெட்டியதென்று.

வேண்டாம், என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. கால் உயர்ந்தது. கரை சரிந்தது. மஞ்சள் மண், பொலபொலவென்று, மாவு மாதிரி.

"அத்தை! என்ன பண்றீங்க? அத்தை, கையத் தூக்கிட்டேன்! பாருங்க, கையத் தூக்கிட்டேன்!"

இன்னொரு பக்கம். இன்னொரு தள்ளு. கைகள் அவசரப்படவில்லை. பழகின வேலை. இருமல். பிறகு இருமலும் இல்லை.

கதவு கிரீச்சிட்டது. சுன்யே. சுன்யே வந்துவிட்டாள். ஓடி வாடி, என் கையைப் பிடி, என்னைக் கீழே தள்ளு. சியூஹே கண்ணாலேயே கெஞ்சினாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். கையில் தட்டு. ஆவி பறந்தது. மென்றுகொண்டிருந்தாள். குழியை எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அம்மாவின் கை வேலையாக இருப்பதைப் பார்த்து, ஒரு துண்டை மசியலில் தோய்த்து அவள் வாய்க்கு நேராக நீட்டினாள்.

பல்லைக் கடித்தாள் சியூஹே.

வாய் திறந்தது.

பனிக்குள்ளே, நியூ கிழவர் வீட்டுச் சுவருக்கு அப்பால், தொப் என்று மண் தட்டும் சத்தம். அதற்கடுத்த வீட்டில். எதிர் வீட்டில். சந்து முழுக்க, ஊர் முழுக்க, ஒரே சீராக. அவள் காலடியில், தட்டிச் சமமாக்கிய மண்ணிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கை வெறுமையாக இருந்தது.

அவள் மென்றாள்.