ஒச்சாண்டி போட்ட கூச்சல்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஜெபராணி எடுத்தார்.

"மேடம்! கிங்ஸ்லி சாரைக் கடத்திட்டாக!" மேனேஜர் விஜி விம்மினாள். "போன்ல 'காப்பாத்து'ன்னு அலறுனாரு... கட்டாயிருச்சு!"

"வேற சத்தம்?"

"மைனாச் சத்தம் மேடம்... ஆயிரம் இருக்கும்!"

கிங்ஸ்லி... தேனி கடைவீதியில் பிறந்த இசையமைப்பாளன். அவன் புகழ் முழுவதும் ஒரு செத்த மனிதரின் தொண்டை!

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் பறவை விரட்டியவர் ஒச்சாண்டி. "ட்ர்ர்ரா... ஹோய்ய்!" நாற்பது வருடக் கூச்சல். உயிரோடு இருந்தவரை அதைப் பாட்டு என்று ஒருவரும் குற்றம் சாட்டியதில்லை.

அவர் செத்ததும், தோட்டக்காரர் முத்துப்பாண்டி போனில் பிடித்து வைத்திருந்த அந்தக் குரலை ஸ்பீக்கரில் போட்டார். பறவைகளுக்கு இழவுச் செய்தி போகவில்லை. பயந்தன!

கிங்ஸ்லி அதற்குத் தாளம் சேர்த்தான்.

டவுன் பஸ், கல்யாண மண்டபம், காதுகுத்து... எங்கும் ஒச்சாண்டி! டீ-ஷர்ட்டில் கூட ஒச்சாண்டி!

ஆயிரம் மைனா என்றால் திராட்சைத் தோட்டம்தான் என்று கணக்குப் போட்டார் ஜெபராணி. ஜீப், விஜியையும் ஏற்றிக்கொண்டு நேராக முத்துப்பாண்டி தோட்டத்துக்குப் பறந்தது.

பந்தல் கல்தூணில் கட்டுண்டு கிங்ஸ்லி. எதிரே அரிவாளோடு முத்துப்பாண்டி!

"அருவாளைக் கீழ போடுய்யா! எதுக்குக் கடத்துன?"

"பின்ன என்ன தாயி? ஊரெல்லாம் இவன் பாட்டு! கேட்டுக் கேட்டு மைனாவுக்குப் பழகிப்போச்சு. இப்ப ஸ்பீக்கரைப் போட்டா குடும்பத்தோட வருதுக! தலையாட்டிக்கிட்டே திங்குதுக!"

"அதுக்கு?"

"நாளைக்கு அறுப்பு. ஒச்சாண்டி அண்ணன் குரலைக் கெடுத்தவன், அதுவரைக்கும் அவரு வேலையப் பாக்கட்டும்!"

"காப்பாத்துங்க மேடம்ம்ம்!" கிங்ஸ்லி அலறினான்.

விர்ர்ர்ர்...!

ஒரே வீச்சில் அத்தனை மைனாக்களும் எழும்பின!

முத்துப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணனே வந்த மாதிரி இருக்கு..."

எழும்பிய கூட்டம் ஒரு வட்டம் அடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் இறங்கியது.

கட்டை அவிழ்க்கப் போன ஜெபராணி அதைப் பார்த்தார். கை நின்றது.

முடிச்சை இன்னும் இறுக்கினார்!

"மேடம்! என்ன பண்றீக?" விஜி பதறினாள்.

"அழுவாத விஜி. உங்க சாரை நாளைக்குச் சாயங்காலம் கண்டுபிடிச்சிருவேன்."

பிறகு கிங்ஸ்லியின் முகத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் பலமாக் கத்துங்க தம்பி... அது எங்க மாமியார் தோட்டம்!"